முதலில் தண்ணீர்: அப்பலாச்சிய வட்டார ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கூட்டுத் தலைவர்களுக்கும், பதின்மூன்று மாநிலங்களின் ஆளுநர்களுக்கும் வணக்கம்.

நான் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைத்தொடரில், மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியில், நிலக்கரி மலைகளுக்கு நடுவே வேலை பார்க்கும் குடும்ப மருத்துவர். பிறந்து வளர்ந்தது தமிழ்நாட்டில். நான் இங்கே இருப்பதற்கு ஒரு வகையில் நீங்கள்தான் காரணம். ஜே-1 விசாவில் பயிற்சி பெறும் வெளிநாட்டு மருத்துவர்கள், பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டுக்குத் திரும்பியாக வேண்டும் என்பது விதி. மருத்துவர் கிடைக்காத அப்பலாச்சியப் பகுதியில் குறைந்தது மூன்று ஆண்டுகள் வேலை செய்ய ஒப்புக்கொண்டால், அந்த விதியைத் தளர்த்தச் சொல்லி, இந்த மலைப் பகுதியின் வளர்ச்சிக்காகக் கூட்டாட்சி அரசும் பதின்மூன்று மாநிலங்களும் சேர்ந்து நடத்தும் உங்கள் ஆணையம் பரிந்துரைக்கிறது. அப்படி வந்தவர்களில் நானும் ஒருவன். மூன்று ஆண்டுகள் எப்போதோ முடிந்துவிட்டன. போக மனம் வரவில்லை.

முறைப்படி ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட்டேன். அதையே தமிழில் எல்லாரும் பார்க்கும்படி எழுதக் காரணம் உண்டு. இதே வழியாக இந்த மலைகளுக்கு வந்து சேர்ந்த தமிழ் மருத்துவர்கள் இருக்கிறார்கள். இங்கிருந்து சுமார் 350 மைல் தள்ளி, வாஷிங்டனை ஒட்டிய ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்றது) பெரிய தமிழ்ச் சமூகம் இருக்கிறது. அவர்களும் இதைப் படிக்க வேண்டும், அவர்களும் உங்களிடம் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிக நலிந்த கவுண்டிகளிடம் திட்டச் செலவில் பங்குத்தொகை கேட்பதை நிறுத்துங்கள். ஒன்றைக் கட்டுவதற்குப் பணம் கொடுப்பதுபோல, கட்டியதை நடத்துவதற்கும் கொடுங்கள். இரண்டையும் குடிதண்ணீரிலிருந்து தொடங்குங்கள்.

நான் பேசுவது மெக்டவல் கவுண்டியைப் பற்றி. உங்களுக்குத் தெரியாத ஊர் இல்லை. 1960-ல் அப்பலாச்சியாவில் மூன்று பேரில் ஒருவர் வறுமையில் இருந்தார். அந்த ஆண்டு தேர்தல் பிரசாரத்துக்கு வந்த ஜான் கென்னடி இந்தப் பள்ளத்தாக்குகளில் பார்த்ததை மறக்கவில்லை. பதவியேற்றதும் அவர் போட்ட முதல் உத்தரவே ஏழைகளுக்குக் கொடுக்கும் உணவுப் பொருளை அதிகமாக்குவது பற்றியதுதான். 1961 மே 29 அன்று இந்தக் கவுண்டியின் தலைநகரான வெல்ச்சில், ஆல்டர்சன் மன்சி, குளோயி மன்சி என்ற தம்பதி பதின்மூன்று பிள்ளைகள் உள்ள தங்கள் குடும்பத்துக்காக, கடையில் உணவு வாங்கப் பயன்படும் அரசின் உணவுச் சீட்டை 95 டாலருக்கு வாங்கினார்கள். புதிய திட்டத்தில் நாட்டிலேயே அவர்கள்தான் முதல் குடும்பம். நான்கு ஆண்டுகள் கழித்து, 1965 மார்ச்சில் உங்கள் ஆணையம் பிறந்தது. இந்த மாதிரி ஊர்களைப் பார்த்துத்தான் உங்களை உண்டாக்கினார்கள். இன்று உங்கள் பொறுப்பில் 423 கவுண்டிகள். ஆண்டுதோறும் அவற்றைத் தரம் பிரித்து வரைபடம் வெளியிடுகிறீர்கள். அந்தப் படத்தில் மெக்டவல் இன்றும் கடைசித் தட்டில், 'நலிவுற்றது' என்ற நிறத்தில்தான் இருக்கிறது.

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். சாலை போட்டிருக்கிறீர்கள், மருத்துவ நிலையங்களுக்கு உதவியிருக்கிறீர்கள். அப்பலாச்சியாவின் எத்தனையோ கவுண்டிகள் அறுபது ஆண்டுகளில் எழுந்து நின்றுவிட்டன. எழாமல் கிடப்பவற்றுக்கு அதே விதி ஏன் பலிக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

1950 கணக்கெடுப்பில் மெக்டவலில் 98,887 பேர் இருந்தார்கள். 2020-ல் 19,111 பேர். எழுபது ஆண்டுகளில் ஐந்தில் நான்கு பங்கு மக்கள் போய்விட்டார்கள். கரி வெட்ட இயந்திரம் வந்தது, ஆள் தேவைப்படவில்லை. 1950-ல் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸ், மருத்துவ நலநிதிக்கும் ஓய்வூதியத்துக்கும் ஈடாக இயந்திரமயத்தை ஏற்று முதலாளிகளோடு ஒப்பந்தம் போட்டார். அந்தக் காலத்தில் மாநிலம் முழுவதும் 1 லட்சத்து 20 ஆயிரம் அளவில் இருந்த சுரங்கத் தொழிலாளர்கள் இன்று 15 ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கிறார்கள். கேரி என்ற ஊரே யு.எஸ். ஸ்டீலின் ஊர்; 1980-களில் அந்த நிறுவனம் அங்கே சுரங்கங்களை மூடிவிட்டுப் போனது. இருந்த ஒரே பெரிய கடையான கிம்பல் வால்மார்ட்டும் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வேலை போயிற்று. காய்கறி வாங்க மலைச்சாலையில் ஒரு மணி நேரம் கார் ஓட்டும் நிலைமை பல குடும்பங்களுக்கு வந்தது.

இத்தனைக்கும் கரி தீர்ந்துபோகவில்லை. இங்குள்ள பொக்கஹான்டஸ் அடுக்கின் கரி எஃகு உலைக்கு உகந்த உயர்ந்த ரகம். இன்றும் வெட்டுகிறார்கள். நீண்ட சரக்கு ரயில்கள் வெல்ச்சைத் தாண்டி வர்ஜீனியாவின் நார்ஃபோக் துறைமுகத்துக்குப் போகின்றன. அமெரிக்கக் கரியை வாங்கும் நாடுகளின் முன்வரிசையில் இப்போது இந்தியாவும் இருக்கிறது. என் நோயாளிகளிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்படுவதில்லை. கரி எங்கெல்லாம் போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். பணம் எங்கே போகிறது என்பதும் தெரியும்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். மருத்துவனாக நான் தினமும் முட்டி மோதும் இடம் அதுதான்.

வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டிய நோயாளிகள் எனக்குச் சிலர் உண்டு. அந்த வீடுகளில் நான் முதலில் கவனிப்பது சமையலறை மேசைக்கு அடியில் வரிசையாக நிற்கும் கேலன் ஜாடிகளை. சிலவற்றின் மேல் மார்க்கர் பேனாவால் கோடு போட்டிருக்கும். கோடு போட்டது குடிக்க, போடாதது பாத்திரம் கழுவ. குளியல் தொட்டியின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் இரும்புக் கறை படிந்திருக்கும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. குழாயைத் திறந்தால் சில வீடுகளில் கந்தக நாற்றம், சில வீடுகளில் காற்று மட்டும். வெள்ளைத் துணி வாங்குவதையே விட்டுவிட்டவர்கள் உண்டு, ஒரு தடவை துவைத்தால் பழுப்பாகிவிடும். ஜாடியில் இருப்பது கடையில் வாங்கிய தண்ணீராக இருக்கலாம். பாதிக்கு மேல் சாலையோரம் பாறையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாயில் பிடித்ததாக இருக்கும். பழைய சுரங்கத்திலிருந்தோ மலை ஊற்றிலிருந்தோ வரும் தண்ணீர் அது. பிக்கப் டிரக்குகள் வரிசையில் நிற்கும். பனிக்காலத்தில் குழாயடியில் ஐஸ் கட்டிப்போகும். ஒரு கேலன் தண்ணீர் ஏறத்தாழ நாலு கிலோ. முழங்கால் தேய்ந்த எழுபது வயதுப் பாட்டி அந்த ஐஸின் மேல் கால் வைத்து இரண்டு கையிலும் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு நடப்பதைப் பார்த்தால் உங்களுக்கும் மனம் பதைக்கும்.

இதனால் வைத்தியம் எப்படிக் கெடுகிறது என்று சொல்கிறேன். சிறுநீரகம் செயலிழந்தவர்களில் பலர் வீட்டிலேயே வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்ள முடியும். அதற்கு ஒவ்வொரு தடவையும் சுத்தமான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இல்லையென்றால் வயிற்றுக்குள் கிருமி தொற்றி உயிருக்கே ஆபத்தாகிவிடும். நம்பிக் கை கழுவத் தண்ணீர் இல்லாத வீட்டில் அதைச் செய்யச் சொல்ல எனக்குத் துணிவு வருவதில்லை. ஆகவே வாரம் மூன்று நாள் வளைந்து நெளிந்த மலைப்பாதையில் டயாலிசிஸ் மையத்துக்குப் போய் வர வேண்டியதுதான். சர்க்கரை நோயில் கால் புண்ணைக் கழுவிக் கட்டுவதும் இதே கதைதான். அப்புறம் பிள்ளைகளின் பற்கள். குழாய்த் தண்ணீரை நம்பாத வீட்டில் பிள்ளைகள் சோடா குடித்து வளர்கிறார்கள். பால்பல் கரைந்துபோன வாயைத் திறந்து காட்டும் குழந்தையிடம், 'சோடாவை விட்டுத் தண்ணீர் குடி' என்று நான் எப்படிச் சொல்வது?

உள்ளே வரும் தண்ணீர் இப்படியென்றால், வெளியே போகும் தண்ணீர் இதைவிட மோசம். ஓடையை ஒட்டிய ஒடுங்கிய பள்ளத்தாக்கில் வீடுகள் ஒரே வரிசையாக நீள்கின்றன. பின்னால் பாறை, முன்னால் ஓடை. கழிவுத் தொட்டி தோண்ட இடமும் இல்லை, மண்ணும் இல்லை. ஆகவே கழிப்பறைக் குழாயை நேரே ஓடையில் விட்டிருக்கிறார்கள். எல்க்ஹார்ன் ஓடை டிரவுட் மீனுக்குப் பேர்போனது. வெளியூரிலிருந்து தூண்டிலோடு வருகிறார்கள். அதே ஓடையில்தான் சுத்திகரிக்காத சாக்கடையும் கலக்கிறது.

இது யாருடைய அசட்டையாலும் வந்ததல்ல என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இந்த ஊர்களில் பலவற்றுக்கு முதலில் குழாய் போட்டவை நிலக்கரிக் கம்பெனிகள். வீடு கம்பெனியுடையது, கடை கம்பெனியுடையது, தண்ணீரும் அப்படித்தான். கம்பெனி போனபோது குழாய்கள் மட்டும் ஊரில் தங்கின. பல்லாயிரம் பேருக்காகப் போட்ட குழாயைச் சில நூறு குடும்பங்கள் கட்டணம் கட்டிக் காப்பாற்ற வேண்டிய நிலை. குழாய் வெடித்தால் ஒட்டுப்போடலாம், மாற்றக் காசில்லை. கீஸ்டோன், நார்த்ஃபோர்க் பகுதியில் 'கொதிக்க வைத்துக் குடியுங்கள்' என்ற அறிவிப்பு நாள் கணக்கில் இல்லை, ஆண்டுக் கணக்கில் நீடித்தது. கவுண்டியில் குடிதண்ணீர் வழங்கும் பொது அமைப்பான 'பொதுச் சேவை மாவட்டம்' அந்த ஊர்களின் தண்ணீரை ஏற்றுப் புதுக் குழாய் போட்ட பிறகுதான் விடிவு வந்தது. செய்தால் நடக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஊர் ஊராக அவர்கள் செய்துகொண்டு வருகிறார்கள். டிக்டீப் என்ற தொண்டு நிறுவனமும் இங்கே வந்து கைகொடுக்கிறது. அமெரிக்காவில் வீட்டுக்குள் குழாய்த் தண்ணீரோ கழிப்பறை வசதியோ இல்லாதவர்கள் 20 லட்சத்துக்கு மேல் என்று 2019-ல் ஊரறியச் சொன்னவர்கள் அவர்கள்.

ஆனால் வேகம்? அதுதான் உங்களிடம் வர வேண்டிய விஷயம்.

உங்கள் விதிப்படி, நலிவுற்ற கவுண்டியின் திட்டத்துக்கு நீங்கள் பொதுவாக 80 சதவீதம் வரை தருவீர்கள். மீதி 20 சதவீதம் உள்ளூர் கொண்டுவர வேண்டும். வசதியான ஊருக்கு இது நியாயமான விதிதான். சொந்தக் காசு போட்டால் பொறுப்பு வரும். இங்கே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பள்ளத்தாக்குக்குக் குழாய் போட 50 லட்சம் டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதம் என்றால் 10 லட்சம். முந்நூறு குடும்பம் இருக்கும் ஊரில் வீட்டுக்கு 3,000 டாலருக்கு மேல் விழுகிறது. இந்தக் கவுண்டியின் நடுத்தரக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 30 ஆயிரம் டாலரைச் சுற்றித்தான். நாட்டின் கணக்கில் பாதிகூட இல்லை. மூன்றில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. அவர்களிடமிருந்து வராது. ஆகவே அந்த 20 சதவீதத்துக்காக இன்னொரு துறையிடம் மானியம், வேறொரு துறையிடம் கடன், மாநிலத்திடம் ஒரு விண்ணப்பம் என்று அலைய வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம், தனிக் கெடு, தனி ஆய்வு. ஒன்று கைகூடும்போது இன்னொன்றின் கெடு முடிந்திருக்கும். அதற்குள் குழாய் விலை ஏறியிருக்கும், மறுபடி மதிப்பீடு. பல மானியங்கள் முதலில் செலவழித்துவிட்டுப் பிறகு ரசீது காட்டி வாங்கிக்கொள்ளும் வகை. செலவழிக்க முதல் காசு எங்கே இருக்கிறது?

இதையெல்லாம் எழுதி, நிரப்பி, தொடர்ந்து கேட்க ஆள் வேண்டும். பெரிய நகராட்சியில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கும். இங்கே சிற்றூர் மேயர் வேறு வேலை பார்த்துக்கொண்டு பகுதி நேரமாக மேயராக இருப்பவர், எழுத்தர் ஒருவர். நீங்கள் 2022-ல் 'ரெடி அப்பலாச்சியா' என்று தொடங்கி உள்ளாட்சிகளுக்கு விண்ணப்பம் எழுதவும் மானியத்தை நிர்வகிக்கவும் பயிற்சி தருகிறீர்கள். நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் பயிற்சி பெற உட்கார வைக்கவே ஆள் இல்லாத ஊருக்கு முதலில் தேவை ஒரு சம்பளம்.

கட்டி முடித்த பிறகு வருவது இதைவிடப் பெரிய பள்ளம். தண்ணீர் நிலையத்தை நடத்த உரிமம் பெற்ற ஆபரேட்டர் வேண்டும். அவருக்குப் பயிற்சி கொடுத்து, தேர்வு எழுத வைத்து, உரிமம் வாங்கிய பின் பெரிய ஊர் அதிகச் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொண்டால் போய்விடுவார். போகாதே என்று சொல்ல யாருக்கும் வாய் வராது, அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. மலைக்கு மலை பம்பு வைத்துத் தண்ணீரை ஏற்ற வேண்டும். சில பம்புகளால் பயன்பெறும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மின்கட்டணம், பம்பு பழுது, ரசாயனம், சோதனைச் செலவு எல்லாம் அந்தச் சில வீடுகளின் தலையில். உங்கள் மானியம் நாடா வெட்டும் நாளோடு முடிந்துவிடுகிறது. குழாய் அதற்கப்புறம் ஐம்பது ஆண்டுகள் ஓட வேண்டும். கட்டணத்தை ஏற்றினால் கட்ட முடியாதவர்கள் இணைப்பைத் துண்டித்துக்கொண்டு மறுபடி சாலையோரக் குழாய்க்குப் போகிறார்கள். மக்கள்தொகை குறையும் கவுண்டியில், கட்டணத்தை வைத்தே எல்லாம் ஓட வேண்டும் என்ற உங்கள் எதிர்பார்ப்பு காகிதத்தில்தான் நிற்கும்.

'அப்படியானால் அந்த மக்கள் ஏன் வேறு ஊருக்குப் போகக் கூடாது?' என்று படித்தவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள், தமிழர்கள் உட்பட. ஐந்தில் நான்கு பங்கு பேர் போய்விட்டார்கள் என்பதை மறுபடி நினைவுபடுத்துகிறேன். மிஞ்சியிருப்பவர்கள் யார்? முதுகு ஒடிந்து ஓய்வூதியத்தில் இருப்பவர்கள். விற்றால் பழைய கார் விலைகூட வராத வீட்டை வைத்திருப்பவர்கள். பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டி தாத்தாக்கள். மகனையோ மகளையோ போதை மாத்திரை கொண்டுபோய்விட்டது. பிள்ளைகள் பாட்டி வீட்டில். இந்தக் கவுண்டியின் பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் பெற்ற தாய் தகப்பனோடு இல்லை என்று பள்ளி நிர்வாகமே சொன்ன காலம் உண்டு. மேற்கு வர்ஜீனியாவின் மக்கள்தொகை 20 லட்சத்துக்கும் குறைவு. ஆறே ஆண்டுகளில் 78 கோடி வலி மாத்திரைகளை இந்த மாநிலத்துக்குள் கொட்டினார்கள் என்று 2016-ல் மாநிலத் தலைநகர் சார்ல்ஸ்டனின் பத்திரிகையாளர் ஒருவர் வெளிக்கொண்டுவந்தார். மறு ஆண்டு அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அந்த மாத்திரைகள் தேடி வந்தது சுரங்கத்தில் உடம்பு நொறுங்கிய மனிதர்களைத்தான்.

சோம்பேறிகள் என்ற பேச்சும் காதில் விழுகிறது. அதைச் சொல்பவர்கள் ஒரு தடவை வெல்ச் நீதிமன்றப் படிக்கட்டில் நின்று பார்க்கட்டும். தொழிலாளர் பக்கம் நின்ற காவல்துறைத் தலைவர் சிட் ஹாட்ஃபீல்டை 1921 ஆகஸ்ட் 1 அன்று கம்பெனி ஆட்கள் சுட்டுக் கொன்றது அந்தப் படியில்தான். அந்தக் கொலையால் கொதித்து, அந்த மாதக் கடைசியில் பத்தாயிரம் அளவிலான சுரங்கத் தொழிலாளர்கள் பிளேர் மலைக்குப் படையெடுத்தார்கள். கறுப்பர், வெள்ளையர், ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் என்று எல்லாரும் சேர்ந்து நடந்த நடை அது. இந்த நாடு எஃகு வார்த்ததே இவர்கள் வெட்டிய கரியில்.

அதற்கு விலை நுரையீரல். மத்திய அப்பலாச்சியாவில் 25 ஆண்டுகளுக்கு மேல் சுரங்கத்தில் இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, சுரங்கத் தூசால் வரும் கருநுரையீரல் நோய் என்று அரசின் தொழில்நல ஆய்வு நிறுவனம் 2018-ல் சொன்னது. சுரங்கத் தூசைக் கட்டுப்படுத்திய 1969 சட்டத்துக்குப் பிறகு குறைந்துவந்த நோய் திரும்பி வந்திருக்கிறது. தடித்த கரி அடுக்குகள் முடிந்துவிட்டன. மெல்லிய அடுக்கை எடுக்கப் பாறையையும் சேர்த்து வெட்டுகிறார்கள். பாறையின் சிலிக்கா தூசு கரித் தூசைவிடக் கொடியது. ஐம்பது வயதுகூட ஆகாதவர் என் அறையில் சட்டைப் பித்தானைப் போட்டு முடிப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்குகிறார். சிலிக்கா அளவைப் பாதியாகக் குறைக்கும் விதி 2024 ஏப்ரலில் வந்தது. மறு ஆண்டே அதை அமலுக்கு வராமல் நிறுத்திவைத்தார்கள். இது உங்கள் ஆணையத்தின் அதிகாரத்தில் இல்லை என்று அறிவேன். ஆனால் ஆணையத்தில் அமர்ந்திருப்பவர்கள் பதின்மூன்று ஆளுநர்கள். உங்கள் குரல் வாஷிங்டனில் எடுபடும்.

ஆயுளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2010-ஐ ஒட்டிய ஆய்வுக் கணக்கில் மெக்டவல் ஆண்களின் சராசரி ஆயுள் 64. ஃபேர்ஃபாக்ஸ் ஆண்களுக்கு 82. காரில் ஆறேழு மணி நேரத் தொலைவுக்குள் பதினெட்டு ஆண்டு வித்தியாசம். ஃபேர்ஃபாக்ஸ் தமிழர்களே, நீங்கள் வாரக்கடைசியில் மலை பார்க்க மேற்கே வருகிறீர்கள். இன்னும் கொஞ்சம் தெற்கே வந்து பாருங்கள்.

நிலத்தைச் சொல்லாமல் வருங்காலத்தைப் பேச முடியாது. மாநிலத்தில் யார் எவ்வளவு நிலம் வைத்திருக்கிறார்கள் என்று 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. மெக்டவல் உள்ளிட்ட சில கவுண்டிகளில் தனியார் நிலத்தில் பாதி அல்லது அதற்கு மேல் பத்தே உரிமையாளர்கள் கையில் இருந்தது. பெரும்பாலும் வெளியூர் நிலக் கம்பெனிகளும் சுரங்கக் கம்பெனிகளும். மேட்டு நிலம் அவர்களுடையது. மக்களுக்கு மிஞ்சியது ஓடைக்கரை. 2001 ஜூலையில் வெள்ளம், 2002 மே மாதத்தில் மறுபடி வெள்ளம், 2025 பிப்ரவரியில் இன்னொரு பெருவெள்ளம். கடைசி வெள்ளத்தில் இந்தக் கவுண்டியில் மட்டும் மூன்று உயிர்கள் போயின. தண்ணீர் வடிந்த பிறகு நான் போன வீடுகளில் சமையலறை அலமாரியின் இரண்டாவது தட்டு வரை சேறு அப்பியிருந்தது. மாத்திரை டப்பிகள், ஆக்சிஜன் இயந்திரம், மெத்தை எல்லாம் வாசலில் குவிந்து கிடந்தன. வீடு போனவர்களில் பலர் அதே ஓடைக்கரையில் மறுபடி டிரெய்லர் வீட்டைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். வேறு எங்கே போவார்கள்?

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். 2022 ஜூலை வெள்ளத்தில் கிழக்குக் கென்டக்கியில் நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்த பிறகு, அந்த மாநில அரசு பழைய சுரங்க மேடுகளில் புதுக் குடியிருப்புகளை எழுப்பத் தொடங்கியது. நாட், பெர்ரி கவுண்டிகளில் மக்கள் குடியேறிவிட்டார்கள். மெக்டவலிலும் கரி எடுத்துச் சமப்படுத்திய மேட்டு நிலம் இருக்கிறது. கைவிட்ட சுரங்கங்களைச் சீராக்க 2021-ன் கூட்டாட்சி உள்கட்டமைப்புச் சட்டம் 15 ஆண்டுகளுக்கு 1,130 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவின் பங்கு பெரியது. மேற்கு வர்ஜீனிய ஆளுநர் அவர்களே, நிலக் கம்பெனிகளோடு உட்கார்ந்து அந்த மேட்டு நிலத்தை மக்களுக்கு வாங்கிக் கொடுங்கள். கென்டக்கி ஆளுநரிடம் கேட்டால் எப்படிச் செய்தார் என்று சொல்வார். ஒரே மேசையில்தானே இருக்கிறீர்கள்.

வருங்காலமே இல்லை என்று நான் நினைக்கவில்லை. ஹாட்ஃபீல்ட்-மெக்காய் மலைத் தடங்களில், கரடுமுரடான பாதையில் ஓடும் ஏடிவி வண்டி ஓட்ட வெளி மாநிலங்களிலிருந்து கூட்டம் வருகிறது. வார், கேரி, வெல்ச் ஆகிய ஊர்களுக்கு அது நல்ல காசு. பூட்டிக் கிடந்த வீடுகளைச் சுத்தம் செய்து வாடகைக்கு விடுகிறார்கள். சேறு பூசிய வண்டிகள் கடைவீதியில் நிற்பதைப் பார்க்கவே தெம்பாக இருக்கிறது. ஆனால் ஓர் உணவகம் திறக்க வேண்டுமென்றால் முதலில் தண்ணீர் சோதனையில் தேற வேண்டும். அங்கேயே பலர் நின்றுவிடுகிறார்கள். 2010-ல் வந்த கூட்டாட்சிச் சிறை வேலை தருகிறது. அதில் சேர உடல்தகுதியும் சோதனைகளும் உண்டு, எல்லாருக்கும் வாய்க்காது. சிறையைக் காட்டி இதுதான் உங்கள் வளர்ச்சி என்று ஓர் ஊரிடம் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. பள்ளிகளைப் பொறுத்தவரை, ஆசிரியர் சங்கம் முன்னின்று வெல்ச்சில் ஆசிரியர்கள் குடியிருக்க அடுக்குமாடி கட்டியதை முக்கியமாக நினைக்கிறேன். ஆசிரியர் ஊரிலேயே தங்கினால் ஊரில் சம்பளம் செலவாகும், மாலையில் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் இருப்பார். மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் அதையே செய்யலாம். மூன்று ஆண்டு முடிந்ததும் என் நண்பர்கள் கிளம்பியதற்குச் சம்பளம் காரணமில்லை. குடியிருக்க நல்ல வீடில்லை, கணவனுக்கோ மனைவிக்கோ வேலையில்லை.

உணவுச் சீட்டைப் பற்றி ஒன்று. 2025-ல் வந்த கூட்டாட்சிச் சட்டத்துக்குப் பிறகு, உடல்தகுதி உள்ள, சிறு பிள்ளைகள் இல்லாத 64 வயது வரையிலானவர்கள் வேலை செய்வதாகக் காட்டினால்தான் சீட்டு தொடரும் என்ற நிபந்தனை விரிவடைந்திருக்கிறது. இந்த மாநிலம் 2016-ல் ஒன்பது கவுண்டிகளில் இப்படிச் செய்து பார்த்தது. அதனால் வேலையில் சேர்ந்தவர் எண்ணிக்கையில் சொல்லும்படி மாற்றமில்லை என்று மாநிலத்தின் துறையே எழுதியது. வேலை கிடைக்கும் கவுண்டிகளிலேயே அந்த நிலை. இங்கே வேலை எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

2021-ல் உங்களுக்குக் கிடைத்த 100 கோடி டாலர் ஐந்து ஆண்டுகளுக்கானது. 2026 நிதியாண்டோடு அது முடிகிறது. ஆணையத்துக்கான சட்ட அனுமதியும் அப்போதே புதுப்பிக்க வேண்டியதாகிறது. விதிகளை மாற்றி எழுத இதைவிட நல்ல நேரம் வராது. நலிவுற்ற பட்டியலில் விடாமல் கிடக்கும் கவுண்டிகளின் தண்ணீர், கழிவுநீர்த் திட்டங்களுக்கு நூற்றுக்கு நூறும் நீங்களே கொடுங்கள். கட்டி முடித்த பிறகு குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு ஆபரேட்டர் சம்பளத்தையும் பம்பு பழுதுச் செலவையும் அதே மானியத்தில் சேருங்கள். கவுண்டிக்கு ஒருவர் என்று, விண்ணப்பம் எழுதவும் கணக்குக் காட்டவும் நிரந்தர ஊழியரை உங்கள் செலவில் வையுங்கள். மருத்துவரை வரவழைக்க உங்களால் விதியைத் தளர்த்த முடிந்ததே, இதற்கும் முடியும்.

இதை விவாதிக்கும் கூட்டத்தை வாஷிங்டனிலோ சார்ல்ஸ்டனிலோ வைக்காதீர்கள். வெல்ச்சுக்கு வாருங்கள், வேலைக்குப் போகிறவர்களும் வரும்படி மாலை நேரத்தில் வையுங்கள். பொதுச் சேவை மாவட்டத்தின் ஆபரேட்டர்களை முதலில் பேச விடுங்கள். எந்தக் குழாய் எந்த ஆண்டு போட்டது, அடுத்து எங்கே வெடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தேதியை முன்கூட்டிச் சொன்னால் என் நோயாளிகளை நானே அழைத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
மேற்கு வர்ஜீனியாவின் தென்பகுதியில் பணிபுரியும் ஒரு குடும்ப மருத்துவர்